மாங்குயிலைக் கூப்பிட்ட நாள்

சுங்மு துறைமுகம்
1985 செப்டம்பர் 21

ஒக்புன் அவர்களுக்கு,

போன செவ்வாய்க்கிழமை நான் என் கல்லறையைப் பார்த்தேன்.

கடிதத்தை இப்படித் தொடங்குவது முறையில்லை என்று தெரியும். பருவத்தைப் பற்றி இரண்டு வரி, உடம்பைப் பற்றி இரண்டு வரி எழுதிவிட்டு மெல்ல விஷயத்துக்கு வரவேண்டும். அப்படியும் எழுதிப் பார்த்தேன். தாளைக் கிழித்துப் போட்டதுதான் மிச்சம். அதனால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

நான் படகு எந்திரம் பழுதுபார்ப்பவன். கிழக்குக் கரையில் ஒரு மீன்பிடிப் படகு மக்கர் பண்ணுகிறது என்று கூப்பிட்டார்கள், போனேன். வேலை முடிந்து திரும்பும்போது ஒரு பேருந்தின் பலகையில் சோங்கோல் என்ற பெயரைப் பார்த்தேன். அந்த ஊரைத் தலைமுழுகி வெகுகாலம் ஆகிறது. ஏன் அதில் ஏறினேன் என்று இப்போதும் தெரியவில்லை.

பள்ளிக்கூடம் புதுசு. மைதானத்துக் கிங்கோ மரம் மட்டும் அதே மரம். இலை இன்னும் பச்சைதான், ஓரத்தில் கொஞ்சம் மஞ்சள் ஏறியிருந்தது. மணியடிப்பவர் வந்து யாரைப் பார்க்கவேண்டும் என்று கேட்டார். இங்கே ஜியோன் குடும்பம் ஒன்று இருந்ததே என்றேன். "அவங்க வீட்டுப் பையன் ஒருத்தன் ஐம்பதாம் வருஷத்துச் சண்டைக் காலத்துல செத்துட்டான். மேட்டுல கல்லு நட்டிருக்காங்க. நேத்துதான் புல்லு வெட்டினாங்க" என்றார்.

மேட்டுக்குப் போனேன். ஜியோன் தொக்பே என்று கல்லில் வெட்டியிருந்தது. அது என் பெயர். கீழே நான் பிறந்த வருடம். பக்கத்தில் 'மனைவி, ஸோ குலத்து யொன்ஹீ'. அதற்கும் கீழே சின்ன எழுத்தில், 'நிறுத்தியவள் தங்கை ஒக்புன்'.

கல்லைத் தொட்டுப் பார்த்தேன். பிறகு என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன். என் மனைவி பெயர் மியொங்ஜா. இந்த நிமிடம் அவள் அடுக்களையில் நின்று என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

மணியடிப்பவர் உங்கள் வீட்டையும் காட்டினார். வேலிக்கு வெளியே நின்றேன். முற்றத்தில் ஒரு பெண் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாயில் மிளகாய் பரப்பிக்கொண்டிருந்தாள். கூப்பிட வாயைத் திறந்தேன். செத்தவன் குரல் கேட்டால் அந்தப் பெண் என்ன ஆவாள் என்று தோன்றியது. திரும்பி ஓடிவந்து பேருந்தில் ஏறிவிட்டேன். நாற்பத்தேழு வயது ஆள், வாத்தியாருக்குப் பயந்த பையனைப் போல ஓடினேன்.

ஐம்பத்தெட்டில் ஒருமுறை அந்த ஊருக்கு வந்திருக்கிறேன். கரிந்த சுவர்கள்தான் நின்றன. அந்த வரிசை வீட்டுக்காரர்களில் ஒருவர்கூட மிஞ்சவில்லை என்று வழியில் ஒருவர் சொன்னார். நம்பிவிட்டேன்.

நீங்கள் என் தங்கைதானா? அம்மா இருக்கிறாளா? அந்த யொன்ஹீ யார்?

தொக்பே


சோங்கோல்
1985 செப்டம்பர் 26

முகம் தெரியாதவருக்கு,

உங்கள் கடிதத்தை முதல் வரிக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. என் வீட்டுக்காரர்தான் வாங்கிப் படித்தார். படித்துவிட்டு, "செத்தவன் பேர்ல எழுதறவன் நல்லவனா இருக்கமாட்டான், அடுப்புல போடு" என்றார். அடுப்புவரை போனேன். போடக் கை வரவில்லை.

இரண்டு வருடத்துக்கு முந்தைய கோடையில் நாடே தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்து அழுதது உங்களுக்கும் தெரிந்திருக்கும். சண்டையில் பிரிந்தவர்கள் அட்டையில் பெயரை எழுதிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் போய் நிற்கவில்லை. எனக்குத் தேட ஆள் இல்லை. என் அண்ணன் எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியும். மேட்டில் இருக்கிறான். ஒவ்வொரு வருடமும் அவனுக்குச் சோறு படைக்கிறேன். அவன் செத்த நாள் தெரியாது. நாள் தெரியாதவர்களுக்குச் சந்திரக் கணக்கில் ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாள்தானே, அன்றைக்கு வெள்ளைச் சோறும் முள்ளங்கி சூப்பும் வைத்து, சோற்றில் கரண்டியை நட்டு, விழுந்து கும்பிடுகிறேன். இப்போது திடீரென்று ஒருவர் வந்து அந்தச் சோறு எனக்குத்தான் என்றால் நான் என்ன செய்யட்டும்?

கல்லில் இருப்பதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். என் பெயரும் அதில்தான் இருக்கிறது. அதனால் கல்லில் இல்லாததைக் கேட்கிறேன்.

அன்று காலை அந்த வருடத்தின் முதல் உறைபனி. கிங்கோ மரம் ஒரே காலையில் அத்தனை இலையையும் கொட்டிவிட்டது. மைதானத்தில் கணுக்கால் புதைந்தது. வாத்தியார் வரவில்லை, பள்ளி இல்லை, நாங்கள் கண்ணாமூச்சி விளையாடினோம். மரத்தில் முகத்தை வைத்து எண்ணியவள் நான். எல்லோரையும் பிடித்தேன், ஒருவனைத் தவிர.

அவன் எங்கே ஒளிந்தான்?

எனக்கே தெரியாததைச் சரியா தப்பா என்று எப்படிக் கண்டுபிடிப்பேன் என்று கேட்காதீர்கள். கண்டுபிடிப்பேன்.

ஒக்புன்


சுங்மு துறைமுகம்
1985 செப்டம்பர் 30

ஒக்புனா,

லாரியில்.

பள்ளிக்குப் பின்னால் பட்டாளத்து லாரி ஒன்று நின்றதே, அதில். நீ விரலிடுக்கு வழியாகப் பார்ப்பாய் என்று எனக்குத் தெரியும். எப்போதும் பார்ப்பாய். நிலம் பிடிக்கிற ஆட்டத்தில் நான் சாண் அளக்கும்போது கையை இழுக்கிறேன் என்று ஊரைக் கூட்டுவாய், உன் கள்ளத்தனம் மட்டும் உனக்குத் தெரியாது. அதனால் கிணற்றுப் பக்கம் போகிறவனைப் போலப் போய், சுவரைச் சுற்றிவந்து, தார்ப்பாயைத் தூக்கி உள்ளே புகுந்தேன். ஏறும்போது ஒரு ரப்பர் செருப்பு கழன்று விழுந்தது. எடுக்க இறங்கினால் மாட்டிக்கொள்வேன் என்று விட்டுவிட்டேன்.

உள்ளே உருளைக்கிழங்கு மூட்டைகள். வெதுவெதுப்பாக இருந்தது. வெளியே நீ இலையை உதைத்துக்கொண்டு தேடுவது கேட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அவ்வளவு நல்ல இடம் எனக்கு அதுவரை கிடைத்ததே இல்லை.

பிறகு லாரி கிளம்பியது. குதித்திருக்கலாம். குதிக்கவில்லை. தேடுகிறவள் தோற்றுப்போனால் மாங்குயிலைக் கூப்பிடவேண்டும், கூப்பிட்டால்தான் ஒளிந்தவன் வெளியே வரலாம், அதுதானே ஆட்டம்? நீ கூப்பிடவில்லை. மைதானத்தைச் சுற்றிவிட்டு லாரி நிற்கும் என்று நினைத்தேன். தூங்கியும்விட்டேன். தார்ப்பாயை யாரோ தூக்கியபோது மலையைக் காணோம். அதற்கப்புறம் லாரி, ரயில், கப்பல், கடைசியில் தெற்கே ஒரு தீவில் அநாதை விடுதி. ஊர்ப் பெயர் சொன்னேன். அந்தப் பக்கம் முழுக்க எரிந்துவிட்டது என்றார்கள்.

உன்மேல் எனக்குக் கோபம் இருந்தது. சின்னக் கோபம் இல்லை. விடுதியில் படுத்துக்கொண்டு, ஏன் கூப்பிடவில்லை, ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒன்பது வயதுப் பெண்மேல் நாற்பத்தேழு வயதிலும் கோபப்பட முடிகிறது, பார்.

மியொங்ஜாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வாயைப் பிளந்தபடி கேட்டாள். கடைசியில் அவள் கேட்டது ஒன்றுதான். "இருபது வருஷமா உங்க கோவணம் வரைக்கும் துவைக்கறவ நானு. கல்லுல இன்னொருத்தி பேரு எப்படி வந்துச்சு?" அதற்கு நீதான் பதில் சொல்லவேண்டும்.

இன்னொன்று. முள்ளங்கி சூப்பா? எனக்கு முள்ளங்கி ஆகாது என்பது மறந்தே போய்விட்டதா? செத்தவன் புகார் செய்யமாட்டான் என்கிற தைரியம்தான்.

அண்ணன்


சோங்கோல்
1985 அக்டோபர் 4

அண்ணா,

அண்ணா என்று எழுதிவிட்டு வெகுநேரம் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பள்ளிக்குப் பின்னால் இலைக்கு நடுவே இரண்டு கோடு போட்டதுபோல மண் தெரிந்தது. சக்கரத் தடம். அதன் ஓரத்தில் உன் செருப்பு. இடது கால். அன்றைக்கு இரண்டையும் பார்த்தேன், இரண்டையும் சேர்த்து யோசிக்கத் தெரியவில்லை. உன் கடிதத்தில் லாரி என்ற சொல்லைப் படித்ததும் எனக்குக் காது அடைத்துப்போனது. வீட்டுக்காரர் தண்ணீர் தெளித்தார்.

நான் கூப்பிட்டேன், அண்ணா. 'கண்டுபிடிக்க முடியலே, மாங்குயிலே, வெளியே வா' என்று கத்தினேன். எல்லாப் பிள்ளைகளும் வீட்டுக்குப் போனபிறகும் கத்தினேன். இலைக் குவியல் ஒவ்வொன்றையும் காலால் கலைத்துக் கலைத்துக் கத்தினேன். அம்மா வந்து தூக்கிப் போனபோது எனக்குக் குரலே இல்லை. அது திரும்பிவரப் பல நாள் ஆயிற்று. உனக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான். முப்பத்தைந்து வருடக் கோபத்தை நீ வேறு யார்மேலாவது போட்டுக்கொள்.

அந்தக் குளிர்காலத்தில் சண்டைக்குப் பயந்து நாங்களும் ஓடினோம். அப்பா வழியிலேயே போய்விட்டார். அறுபத்திரண்டில் அம்மாவும் நானும் ஊர் திரும்பினோம். ஐம்பத்தெட்டில் நீ வந்ததைப் படித்து நெஞ்சில் அடித்துக்கொண்டேன். யாரோ வழிப்போக்கன் சொன்னதை நம்பித் திரும்பினாயே, இன்னொருமுறை வந்து பார்க்கக்கூடாதா? அம்மா எழுபத்தொன்றாம் வருடம்வரை இருந்தாள்.

இப்போது யொன்ஹீ. இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

அறுபத்தைந்தில் அம்மாவின் கனவில் நீ வந்தாய். வளர்ந்த ஆளாக வந்து, குளிர்கிறது, தனியாக இருக்கிறேன் என்றாயாம். கல்யாணம் ஆகாமல் போனவன் அங்கே தனியாக அலைகிறான் என்று அம்மா சாப்பிடவே இல்லை. பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஒரு விதவை அம்மாளின் ஒரே மகள் பத்தொன்பது வயதில் காய்ச்சலில் போயிருந்தாள். அவர்களும் அதே கவலையில் இருந்தார்கள். பூசாரிப் பெண் பேசிவைத்தாள். வைக்கோலில் ஒரு மாப்பிள்ளை, ஒரு பெண். பட்டு உடுத்தி, ஒன்றையொன்று கும்பிடவைத்து, ஒரே போர்வையில் படுக்கவைத்து விளக்கை அணைத்தோம். இரண்டு அம்மாக்களும் கதவுக்கு வெளியே கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து சிரித்தார்கள், அழுதார்கள். அப்புறம் அந்தப் பெண்ணின் எலும்பை எடுத்து மேட்டுக்குக் கொண்டுவந்து உன் பக்கத்தில் வைத்தோம். உன் குழிக்குள் இருப்பது அந்த இடது கால் செருப்பு.

சம்பந்தி அம்மா இன்னும் இருக்கிறார்கள். எழுபது தாண்டிவிட்டது. ஒவ்வொரு வருடமும் ஒன்பதாம் நாளுக்கு முன்பே வந்து என்னோடு தங்கி, சாமந்திப்பூ அடை சுட்டு, மாப்பிள்ளைக்கு என்று ஒரு பஞ்சுச் சட்டை தைத்து எடுத்துவருவார்கள். படையல் முடிந்ததும் அதைக் கொளுத்தி அனுப்புவோம். "என் பொண்ணு ஒரு எடத்துல இருக்கா, எனக்கு அது போதும்" என்பார்கள். அந்த ஒரு வார்த்தையில்தான் அவர்கள் உயிர் ஓடுகிறது.

அண்ணா, இந்த மாதம் இருபத்திரண்டாம் தேதி ஒன்பதாம் நாள். அன்றைக்கு நீ வராதே. அதற்கு முன்பும் வராதே. அவர்கள் போகிறவரை பொறுத்துக்கொள். உன்னைப் பார்க்க எனக்கு எவ்வளவு ஆசை என்று உனக்கே தெரியும். ஆனாலும் வராதே.

ஒக்புன்


சுங்மு துறைமுகம்
1985 அக்டோபர் 8

ஒக்புனுக்கு,

உன் கடிதத்தை மியொங்ஜா சத்தமாகப் படித்தாள். பாதியில் நிறுத்தி, "செருப்புக்கா கல்யாணம் பண்ணிவச்சாங்க?" என்றாள். சிரிப்பாள் என்று பார்த்தேன். அழுதாள். எனக்குக் கல்யாணம் நடந்தபோது என் பக்கத்தில் நிற்க ஒரு ஆள் இல்லை. விடுதிச் சமையல்காரர்தான் அப்பா இடத்தில் நின்றார். அதே வருடம், அதே அறுபத்தைந்தில், என் அம்மா எனக்குப் பட்டு உடுத்தி வேறு ஒரு பெண்ணைக் கட்டிவைத்திருக்கிறாள். அம்மா இருந்திருக்கிறாள், ஒக்புனா. என் கல்யாணத்தின்போது அவள் உயிரோடு இருந்திருக்கிறாள்.

நீ நெஞ்சில் அடித்துக்கொண்டாயாம், தண்ணீர் தெளித்தார்களாம். பிறகு வராதே என்கிறாய். யார் கேட்டாலும் அநாதை என்று சொல்லியே வளர்ந்தவன் நான். இப்போது ஒரு தங்கை கிடைத்தாள், அவள் நீ செத்தவனாகவே இரு, அதுதான் எல்லோருக்கும் வசதி என்கிறாள். யாரோ ஒரு அம்மாளின் மனசு நோகக்கூடாது என்று நான் மண்ணுக்குள்ளேயே கிடக்கவேண்டுமா?

என் பிள்ளைகள் இரண்டு பேர். அவர்களிடம் என்ன சொல்லட்டும்? அத்தை இருக்கிறாள், ஆனால் அப்பா செத்துப்போனதால் பார்க்கமுடியாது என்றா?

ஒன்பதாம் நாளுக்குள் கல்லிலிருந்து என் பெயரைச் செதுக்கி எடுத்துவிடு. இல்லையென்றால் நான் வந்து, நீ நட்டுவைத்த கரண்டியைப் பிடுங்கி, அந்தச் சோற்றை எல்லோர் முன்னாலும் தின்றுகாட்டுவேன்.

தொக்பே


சோங்கோல்
1985 அக்டோபர் 13

அண்ணா,

உன் கோபத்துக்கு அப்புறம் பதில் சொல்கிறேன். இங்கே ஒரு விபரீதம் நடந்துவிட்டது. சம்பந்தி அம்மாவைக் காணோம்.

நேற்று விடியலில் முதல் உறைபனி. முந்தின நாளே மிளகாயெல்லாம் பறித்துவைத்தது நல்லதாய்ப் போயிற்று, மிச்சமிருந்த செடிகள் கறுத்துத் தொங்கின. சம்பந்தி அம்மா இந்த வருடம் சீக்கிரமே வந்துவிட்டார்கள். எழுந்து பார்த்தால் படுக்கையில் இல்லை. மேட்டுக்குப் போனேன். துடைப்பத்தோடு நின்றார்கள். பள்ளிக் கிங்கோவின் இலையெல்லாம் காற்றில் வந்து இரண்டு மண்மேட்டையும் மூடியிருந்தது. அதைப் பெருக்காமல், வெறும் கையால் ஒவ்வொன்றாக எடுத்து உதறி மறுபடி உன் மேட்டின்மேலேயே பரப்பிக்கொண்டிருந்தார்கள். கை சிவந்துபோயிருந்தது.

"மாப்பிள்ளைக்கு இந்த வருஷம் ரொம்பக் குளிரும் போலிருக்கு. நனஞ்ச எலைய எடுத்துட்டு காஞ்சதா போட்டுவிடறேன்" என்றார்கள்.

என்னால் தாங்க முடியவில்லை. நீ எழுதினதெல்லாம் நெஞ்சில் இருந்தது. வாயை மூடிக்கொண்டு இன்னும் பத்து நாள் ஓட்டியிருக்கலாம். மண்டியிட்டு அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு, அவன் சாகவில்லை என்று சொல்லிவிட்டேன். தெற்கே கடற்கரையில் இருக்கிறான், பெண்டாட்டி பிள்ளை இருக்கிறது, கடிதம் வந்தது என்று எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவர்கள் கத்தவில்லை, அழவில்லை. கையிலிருந்த இலையைக் கீழே வைத்தார்கள். மகளின் மேட்டைப் பார்த்தார்கள். பிறகு என்னிடம் கேட்டார்கள்.

"அப்போ இத்தனை வருஷமா என் பொண்ணு யாரு கூட இருந்தா?"

இதற்குப் பதில் உன்னிடம் இருக்கிறதா?

ராத்திரி தைத்துக்கொண்டிருந்த சட்டையை முடித்து நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்கள். இன்று காலையில் ஆள் இல்லை. மூட்டையும் இல்லை. அவர்கள் வீட்டுக்கு ஓடினோம், அங்கே இல்லை. அங்கே போய்விட்டுக் கிளம்பியிருக்கிறார்கள், கோழிக்கூடு திறந்து கிடக்கிறது. ஆற்றங்கரை முழுக்க என் வீட்டுக்காரரும் ஊர் ஆட்களும் தேடுகிறார்கள். தண்ணீரின் ஓரம் பனிக்கட்டி கட்டியிருக்கிறது.

நான் மறுபடி மைதானத்தில் நிற்கிற மாதிரி இருக்கிறது. மறுபடி இலையைக் கலைத்துக்கொண்டு தேடுகிறேன். இந்தத் தடவை காணாமல் போனவரை நானே அனுப்பிவிட்டேன்.

ஒக்புன்


சுங்மு துறைமுகம்
1985 அக்டோபர் 15

ஒக்புனா,

நேற்றே தந்தி அடித்தேன், உன் கடிதம் வருவதற்கு முன்பே. கிடைத்திருக்கும். 'அம்மாள் இங்கே பத்திரம்' என்பதற்குமேல் தந்தியில் என்ன எழுத முடியும்? இப்போது எழுதுகிறேன்.

நேற்று முன்னிரவு. சாப்பிட உட்கார்ந்தோம். கதவை யாரோ தட்டினார்கள். பிள்ளை திறந்தான். குள்ளமாக ஒரு அம்மாள், தலையில் மூட்டை, கையில் துணியில் சுற்றிய ஒரு கோழி. கோழியின் தலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இன்னொரு கையில் என் கையெழுத்து இருந்த கடித உறை. உன் பெட்டியிலிருந்து எடுத்ததாம். படிக்கத் தெரியாது. அதைக் கண்டக்டர்களிடம் காட்டிக் காட்டி, பேருந்து மாறி மாறி, நடுவில் ஒரு ராத்திரி பேருந்து நிலைய பெஞ்சில் கழித்து வந்திருக்கிறார்கள்.

யாரென்று அவர்கள் சொல்லவில்லை. எனக்குச் சொல்லவும் தேவைப்படவில்லை. நான் எழுந்து ஓரடி பின்னால் போனேன். அவர்களும் என்னைப் பார்த்து இரண்டு அடி பின்னால் போனார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் பயந்து நின்றோம். பிறகு மூட்டையை இறக்கி, அந்தப் பஞ்சுச் சட்டையை எடுத்து, "போடுங்க" என்றார்கள்.

போட்டேன். கை விரல் நுனிவரை வந்தது. வயிற்றில் முடிச்சுப் போட முடியவில்லை. அவர்கள் என்னைச் சுற்றிவந்து பார்த்தார்கள்.

"பன்னெண்டு வயசுல போன புள்ளன்னாங்க. வருஷத்துக்கு ஒரு விரக்கடை கூட்டிக்கிட்டே வந்தேன். குத்துமதிப்புதான். ஒசரமா வளந்திருப்பீங்கன்னு நெனச்சேன். இப்படிக் குறுக்கால வளருவீங்கன்னு தெரியாமப் போச்சு."

ஒக்புனா, என்னை வளர்த்தது யார் என்று கேட்டால் விடுதி என்றுதான் சொல்வேன். இருபது வருடம் ஒரு அம்மாள் எங்கோ ஒரு மலையில் உட்கார்ந்து, நான் எவ்வளவு வளர்ந்திருப்பேன் என்று விரலால் அளந்துகொண்டிருந்திருக்கிறார்கள். நான் அந்தச் சட்டையோடு தரையில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதேன். பிள்ளைகள் முன்னால். உனக்கு எழுதின கடிதத்தை நினைத்து எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

ஆனால் அவர்கள் என்னைத் தேடி வரவில்லை. நான் காலில் விழப் போனபோது தடுத்துவிட்டு, மியொங்ஜா பக்கம் திரும்பினார்கள்.

"இவரக் கேட்டு ஒண்ணும் ஆகப்போறதில்ல. உன்னைக் கேக்கத்தான் வந்தேன், மகளே. உசுரோட இருக்கறமட்டும் இவரு உன் ஆளு. நான் ஒண்ணும் பங்கு கேக்கல. போன பொறவு, அந்த மேட்டுல என் பொண்ணு பக்கத்துல இவரைப் படுக்கவிடுவியா? இன்னும் எத்தனை வருஷமானாலும் அவ காத்திருப்பா. காத்திருக்கான்னு தெரிஞ்சா எனக்குப் போதும்."

மியொங்ஜா எழுந்துபோய்க் கோழியை வாங்கிக்கொண்டாள். வாசல்வரை போய்த் திரும்பினாள்.

"எடது பக்கம் எனக்கு. நான் எப்பவும் எடது பக்கம்தான் படுப்பேன். உங்க பொண்ணு வலது பக்கம் படுத்துக்கட்டும். இவரு கொறட்டை விடுவாரு, இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் எங்கிட்ட வந்து சண்டை போடக்கூடாது."

அம்மாள் அப்போதுதான் அழுதார்கள். மியொங்ஜா கோழியைக் கீழே விட்டுவிட்டு அவர்களைக் கட்டிக்கொண்டாள். கோழி வீடெல்லாம் ஓடியது, பிள்ளைகள் அதைப் பிடிக்க அலமாரியைச் சாய்த்துவிட்டார்கள்.

அது முட்டையிடுகிற கோழி. முதல்தடவை வீட்டுக்கு வரும் மாப்பிள்ளைக்கு மாமியார் முட்டைக்கோழியையே அடித்துப் போடுவாள் என்று கேட்டிருக்கிறேன். மியொங்ஜாவுக்கு அம்மா இல்லை, எனக்கு யாரும் போட்டதில்லை. அந்த அம்மாளுக்கும் போட ஆள் இருந்ததில்லை. இன்றைக்கு அவர்கள் கையால் சமைத்தார்கள். எதிரில் உட்கார்ந்து நான் சாப்பிடுவதை ஒவ்வொரு வாயாகப் பார்த்தார்கள். ஒரு கோழிக்காலை எடுத்து என் கிண்ணத்தில் போட்டு, இன்னொரு காலை மியொங்ஜா கிண்ணத்தில் போட்டார்கள்.

கல்லை ஒன்றும் செய்யாதே. பெயர் அப்படியே இருக்கட்டும். இடது பக்கம் இன்னொரு பெயர் வெட்ட இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவை. மியொங்ஜா கேட்கச் சொன்னாள்.

இருபத்தொன்றாம் தேதி எல்லோரும் வருகிறோம். சம்பந்தி அம்மாவும் எங்களோடு வருகிறார்கள். நான் வரலாமா என்று கேட்கவில்லை.

அண்ணன்


சோங்கோல்
1985 அக்டோபர் 18

அண்ணா,

தந்தியும் வந்தது, கடிதமும் வந்தது. தந்தியைத் தபால்காரர் ஆற்றங்கரைக்கே கொண்டுவந்து கொடுத்தார். என் வீட்டுக்காரர் இடுப்பளவு தண்ணீரில் நின்றார். நான் தந்தியைத் தூக்கி ஆட்டிக்காட்டினேன்.

கல்லில் இடது பக்கம் நிறைய இடம் இருக்கிறது. அண்ணியிடம் சொல்.

இன்று சாயங்காலம் பள்ளி மைதானத்துக்குப் போனேன். இலையை யாரும் பெருக்கவில்லை. மரத்தில் முகத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன், விரலிடுக்கு வழியாகப் பார்க்கவில்லை. பிறகு மாங்குயிலைக் கூப்பிட்டேன். நாற்பத்துநாலு வயதுக்காரி கத்துவதைக் கேட்டு மணியடிப்பவர் வெளியே வந்து பார்த்தார். பார்க்கட்டும். உனக்குக் கேட்டதா?

ஒன்பதாம் நாள் படையலில் ஒரு கிண்ணச் சோறுதான் வைக்கப்போகிறேன். அது யொன்ஹீ அண்ணிக்கு. கரண்டியும் அதில் மட்டும்தான் நடுவேன். நீ வருகிற அன்று உன் சோற்றைக் கிண்ணத்தில் போட்டு மூடி, அடுப்புச் சூடு ஏறிய தரையில் போர்வைக்கடியில் வைத்திருப்பேன், வெளியே போனவர்கள் திரும்பிவருவதற்கு வைப்போமே, அப்படி. பக்கத்தில் முள்ளங்கி இருக்காது.

ஆறுவதற்குள் வந்துவிடு.

ஒக்புன்